ஆக்ரன் நகரில் ஒரு தேடல்

மது விலக்கப்பட்டது என்பதை நம் வீட்டுக் குழந்தைகளும் அறிவர். அதனாலேயே நம் குடும்பங்களில் ஒருவர் குடிக்கு அடிமையாகிவிட்டால் அச்செய்தி வீட்டுச் சுவரைத் தாண்டுவதில்லை. அவர் மீள விரும்பினாலும், எங்கே செல்வது என்று கேட்க நா எழுவதில்லை. இன்று உலகெங்கும் நடைபெறும் குடிநோயாளிகளின் கூட்டங்கள், இவ்வாறு செல்லுமிடம் அறியாமல் தவித்த ஒருவரின் தேடலிலிருந்தே தோன்றின.

1935ஆம் ஆண்டு மே மாதம், நியூயார்க்கைச் சேர்ந்த பங்குத் தொழிலர் பில் வில்சன் அலுவல் நிமித்தமாக ஒஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகருக்கு வந்திருந்தார். வந்த காரியம் தோற்றது. அவர் குடியை விட்டு ஐந்து மாதங்களே ஆகியிருந்தன. தங்கியிருந்த மேஃபிளவர் விடுதியின் வரவேற்புக்கூடத்தில் ஒரு புறம் மதுக்கூடம். மறுபுறம் தொலைபேசியும் நகரத்துத் தேவாலயங்களின் பட்டியலும். முந்தைய மாதங்களில் அவர் பல குடிநோயாளிகளைத் திருத்த முயன்றிருந்தார்; ஒருவரும் திருந்தவில்லை. எனினும் அம்முயற்சியில் ஈடுபட்டிருந்த நாள்களில் தாம் குடிக்கவில்லை என்பது அவர் நினைவுக்கு வந்தது. எனவே அவர் அன்று தேடியது அறிவுரை கூறுபவரை அன்று. தம்மைப் போன்ற இன்னொரு குடிநோயாளியை!

பட்டியலில் கண்ட வால்ட்டர் டங்க்ஸ் என்னும் பாதிரியாரை அழைத்தார். அவர் தந்த பெயர்களை ஒவ்வொன்றாக அழைத்து, இறுதியில் ஹென்ரியட்டா சைபர்லிங் என்னும் பெண்மணியை அடைந்தார். மே 12 அன்று மாலை அப்பெண்மணியின் இல்லத்தில் அறுவை மருத்துவர் ராபர்ட் ஸ்மித்தைச் சந்தித்தார். பதினைந்து நிமிடங்களுக்கு மேல் இருப்பதில்லை என்ற உறுதியோடு வந்த மருத்துவர், இரவு வெகுநேரம் வரை எழுந்து செல்லவில்லை. மதுவின் தீங்கை அவருக்கு யாரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை, அவரே மருத்துவர். சமய வாசிப்பும் அவரிடம் இருந்தது. அவை அவரைக் குடியிலிருந்து தடுக்கவில்லை. அதே துன்பத்தைத் தன் உடலால் அறிந்த ஒருவர் பேசியபோதுதான் அவர் செவி திறந்தது. இடையில் ஒருமுறை மீண்டும் சறுக்கினார். அவர் கடைசியாகக் குடித்த 1935 ஜூன் 10ஆம் நாளே ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ அமைப்பின் தொடக்க நாளாகக் கொள்ளப்படுகிறது. பின்னர் இருவரும் மூன்றாமவரைத் தேடி மருத்துவமனைக்குச் சென்றனர்.

இதைப் படிக்கையில் உமர் (ரலி) அவர்களின் ஒரு கடிதம் நம் நினைவுக்கு வருகிறது. இமாம் இப்னு கஸீர் தம் தஃப்ஸீரில் இதைப் பதிவு செய்துள்ளார். தம்மிடம் வந்து போய்க்கொண்டிருந்த ஷாம் நாட்டவர் ஒருவரைச் சில காலம் காணாததால் கலீஃபா விசாரித்தார். அவர் குடியில் மூழ்கிவிட்டார் என்றனர். உமர் (ரலி) எழுத்தரை அழைத்து, இறைவன் மன்னிப்பவன், தவ்பாவை ஏற்பவன், தண்டிப்பதில் கடுமையானவன் என்று அறிவிக்கும் 40ஆம் அத்தியாயத்தின் 3ஆம் வசனத்தை எழுதி அனுப்பினார்கள். அவருக்காக துஆவும் செய்தார்கள். அம்மனிதர் அதைத் திரும்பத் திரும்ப ஓதி அழுது, குடியை விட்டார். சறுக்கிய சகோதரருக்கு எதிராக ஷைத்தானுக்குத் துணை போகாதீர்கள் என்பது அப்போது கலீஃபா மற்றவர்களுக்குச் சொன்னதன் கருத்து. குடித்ததற்காகத் தண்டனை பெற்ற ஒருவரைச் சபித்தவர்களை நபி (ஸல்) அவர்கள் தடுத்த செய்தி புகாரியிலும் உண்டு. தண்டனை நடந்தது, சாபம் தடுக்கப்பட்டது. நம் ஊர்களில் பெரும்பாலும் நடப்பது இதன் தலைகீழ். வராத ஒருவரைக் கவனித்து விசாரிக்கும் வழக்கமும் அருகிவிட்டது.

அக்கூட்டங்கள் 1957இல் இந்தியாவுக்கு வந்தன. இன்று தமிழிலும் நடைபெறுகின்றன. கட்டணம் இல்லை, முழுப்பெயர் கேட்பதில்லை, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பமே உறுப்பினராவதற்குரிய ஒரே தகுதி. பல கூட்டங்கள் தேவாலய வளாகங்களில் நடப்பதால் நம்மவர் தயங்குவதுண்டு. இடம் தேவாலயத்தினுடையதாயினும் அமைப்பு எச்சமயத்தையும் சார்ந்ததன்று. அங்கே சொல்லப்படும் பிரார்த்தனையில் கலந்துகொள்ளாமல் அமைதியாக இருக்கலாம். இத்தயக்கம் பிற நாட்டு முஸ்லிம்களுக்கும் இருந்தது. 1989இல் அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரில் தொடங்கிய ‘மில்லத்தி இஸ்லாமி’, அந்தப் பன்னிரண்டு படிகளையே அல்லாஹ்வின் பெயரால் அமைத்துக்கொண்டது. நம்மிடையே அத்தகைய கூட்டம் உருவாகும் வரை, கையருகே உள்ளதைத் தவிர்ப்பதில் நியாயம் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். முதலில் மருத்துவரைக் காண வேண்டும். அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவிலும், சாந்தி ரங்கநாதன் 1980இல் நிறுவிய சென்னை இந்திரா நகர் டி.டி.கே. மருத்துவமனையிலும் சிகிச்சை பெறலாம். அருகில் கூட்டம் எங்கே நடக்கிறது என்றும் அங்கே கேட்கலாம். மனைவி, மக்கள், பெற்றோருக்கென 1951இல் உருவான ‘அல்-அனான்’ கூட்டங்கள் தனியே உண்டு. குடிப்பவர் வர மறுத்தாலும் குடும்பத்தார் செல்லலாம்.

ஆக்ரனில் வில்சனுக்கு வழி திறந்தது, எவரும் பார்க்கக்கூடிய இடத்தில் மாட்டியிருந்த ஒரு பட்டியல். நம் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில், தொழுகை நேரங்களுக்குக் கீழே, அருகிலுள்ள கூட்டத்தின் இடம், நாள், நேரம் ஆகிய மூன்றையும் எழுத ஒரு வரி போதும். நிர்வாகிகள் வரும் ஜுமுஆவுக்கு முன்பே அதைச் செய்யலாம். யாருக்காக எழுதப்பட்டது என்று எவரும் கேட்க வேண்டியதில்லை.