கூரையடியில் ஓர் அறை

வீட்டுக் கூரையின் சரிவை ஓரிடத்திலே வெட்டி, அங்கே செங்குத்தான ஒரு சாளரத்தை எழுப்பி, அதற்குத் தனியே ஒரு சிறு கூரையும் வேய்வர் மேனாட்டார். இதனை டோர்மர் என்பர். உறங்குதலைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்தது இப்பெயர். கூரைக்கும் மச்சுக்கும் இடையே வெறுமையாய்க் கிடக்கும் இடம், இச்சாளரத்தால் ஒளியும் காற்றும் நிமிர்ந்து நிற்கும் உயரமும் பெற்றுப் படுக்கையறையாகி விடுகிறது. வெட்டுண்ட கைமரங்களின் பாரம் இருமருங்கிலும் உள்ள கைமரங்களிற் சாருமாதலால் அவற்றை இரட்டிப்பர். கூரைகள் கூடும் மூலைகளில் மழைநீர் இறங்காதவாறு ஈயத்தகடு பொருத்துவர்.

நேயர்களே! இத்தகைய உயர்ந்த கூரைகள் நம் மலைநாட்டுக்கு வந்த கதை சிந்தித்தற்குரியது. ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட நுவரெலியாவிலே, 1824 முதல் 1831 வரை தேசாதிபதியாயிருந்த எட்வேட் பான்ஸ் தமக்கென ஒரு மாளிகை அமைத்தார். அதுவே பின்னர் கிராண்ட் ஹோட்டலாயிற்று. 1848இல் சாமுவேல் பேக்கர் வந்து குடியேறினார். 1876இல் ஹில் கிளப் தோன்றியது. வெண்பனி சொரியும் நாட்டுக்கு ஏற்ற சரிந்த கூரை, தரையிற் படியும் உறைபனியை மட்டுமே அறிந்த இவ்வூரிலும் எழுந்தது. தாய்நாட்டு நினைவே அதற்குக் காரணம் எனலாம்.

கூரையடி இடம் தேயிலைக்கும் வேண்டியதாயிற்று. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரிலே தேயிலை பயிரிட்டார். 1869இல் தோன்றிய நோயினாற் கோப்பி அழிய, தேயிலைத் தொழிற்சாலைகள் பெருகின. அவற்றின் மேல்மாடிகளிலே கொழுந்தைப் பரப்பி வாட்டினர். கொழுந்துக்குக் காற்றோட்டம் வேண்டுமென்று வரிசை வரிசையாகச் சாளரங்கள் அமைத்தனர். கந்தப்பளையில் உள்ள ஹெதர்செட் தொழிற்சாலை 1996இல் உல்லாச விடுதியாக மாறியபோது, கொழுந்து வாடிய அம்மாடிகளே விருந்தினர் உறங்கும் அறைகளாயின.

ஆனால், அக்கொழுந்தைப் பறித்தவர்களின் கூரை எத்தகையது? லயத்துக் காம்பரா பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி. தாழ்ந்த தகரக் கூரை. அதன் கீழே மச்சறைக்கு இடமேது? விறகும் பெட்டியும் வைக்க ஒரு பரண் கட்டலாம். இஸ்தோப்பைத் தகரத்தால் மறைத்து இன்னொரு மூலையை உண்டாக்கலாம். லயத்துப் பிள்ளைகளைப் படிப்பித்தவன் என்ற முறையிற் சொல்கிறேன்: பாடப் புத்தகத்தை விரிக்க அமைதியான ஒரு மூலை இல்லாமையே பல பிள்ளைகளின் கல்வியைக் குலைத்தது.

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிருவாகம் கம்பனிகளிடம் சென்றது. ஆட்சி கைமாறியதேயன்றி, காம்பராவின் உரிமை அதில் வாழ்வோரிடம் வரவில்லை. அண்மைக் காலத்திலேதான், இந்திய உதவியுடன், ஏழு பேர்ச் காணியில் 550 சதுர அடித் தனிவீடுகள் எழலாயின. 2017 மே 12ஆம் நாள், நோர்வூட்டில் மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன.

கூரையிலே ஒரு சாளரம் திறக்கத் தச்சனின் வாளும் உளியும் மட்டும் போதா. அக்கூரை என்னுடையது என்று சொல்லும் உரிமையும் வேண்டும். குடும்பம் பெருகும்போது வீட்டையும் பெருக்குவதற்கு, வீட்டோடு காணி உறுதியும் குடியிருப்போர் கையிற் சேர வேண்டும்.