ஹெராக்ளீஸ்

பண்டைக் கிரேக்கப் புராணங்களின் தலைமை வீரன். உரோமர் இவனை ஹெர்குலிஸ் என்றனர். நம் ஊர்களில் பலருக்கு இந்தப் பெயர் சைக்கிள் வழியாகவே முதலில் தெரியவந்தது. வானுலக வேந்தன் சீயஸுக்கும் ஆல்க்மீனி என்ற மானுடப் பெண்ணுக்கும் தீப்ஸ் நகரில் பிறந்தவன். கிரேக்கர்கள் தம் வீரர்களைப் பெரும்பாலும் அவரவர் கல்லறை இருந்த ஊரில் வழிபட்டார்கள். ஹெராக்ளீஸுக்கோ எந்த ஊரிலும் கல்லறை கிடையாது. ஓர் ஊருக்குள் அடங்காத வழிபாடு அவனுக்கு அமைந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சீயஸின் மனைவி ஹீரா தன் கணவனின் இந்தப் பிள்ளையைத் தொட்டிலிலேயே கொல்லப் பாம்புகளை ஏவினாள். குழந்தை அவற்றை நெரித்துக் கொன்றது. வளர்ந்தபின் அவனுக்குப் பித்துப் பிடிக்கச் செய்தாள். அந்த நிலையில் அவன் தன் குழந்தைகளையே கொன்றான். அதற்குக் கழுவாயாக யூரிஸ்தியஸ் மன்னனிடம் ஊழியம் செய்ய நேர்ந்தது. நெமியாவின் சிங்கம், லெர்னாவின் பலதலைப் பாம்பு, ஆஜியஸின் தொழுவம், கீழுலகின் நாய் செர்பெரஸ் என்று நீளும் அருஞ்செயல்கள் எல்லாம் அந்த ஊழியத்தில் செய்தவை. அவற்றின் எண்ணிக்கை தொடக்கத்தில் திட்டமாக இல்லை. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஒலிம்பியாவில் எழுந்த சீயஸ் கோயிலின் 12 சிற்பப் பலகைகளில் அவை செதுக்கப்பட்டன. பன்னிரண்டு என்ற கணக்கு நிலைபெற அதற்குப் பெரும் பங்குண்டு. யூரிபிடிஸ் தம் நாடகத்தில் வரிசையை மாற்றினார்: அருஞ்செயல்களை முடித்து வெற்றியோடு வீடு திரும்பியவன்தான் அங்கே பிள்ளைகளைக் கொல்கிறான். குற்றமும் கழுவாயும் என்ற பழைய ஒழுங்கை இந்த ஒரு மாற்றம் குலைத்துவிடுகிறது. ஹெராக்ளீஸைப் பற்றிய கிரேக்க ஆக்கங்களில் இதையே மிகத் துணிச்சலானதாகச் சொல்ல வேண்டும்.

நஞ்சு தோய்ந்த ஆடையால் உடல் வெந்து, ஓயிட்டா மலையில் தானே அடுக்கிய சிதையில் ஏறித் தேவருலகம் சென்றான் என்பது அவன் முடிவு. அப்படியானால் அவன் இறந்தவனா, இறவாதவனா? இலியட் அவனையும் சாவு விடவில்லை என்கிறது. ஒடிசியிலோ அவன் நிழல் கீழுலகில் உலவ, அவன் தேவர்களோடு விருந்துண்கிறான். ஹெராக்ளீஸைப் பற்றித் தெளிவாக அறிய விரும்பி வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் ஃபினீசியரின் டயர் நகரம் வரை போனார். அங்கிருந்த மெல்கார்ட் கோயிலை ஹெராக்ளீஸ் கோயில் என்றே கொண்டார். அது 2,300 ஆண்டுப் பழமையது என்று பூசாரிகள் சொன்னதைக் கேட்டு, கடவுள் ஒருவர், வீரன் ஒருவன் என ஹெராக்ளீஸ்கள் இருவர் என்று முடிவு கட்டினார். அயலார் கடவுளைத் தம் பெயரிட்டு அழைக்கும் இந்த வழக்கம்தான் ஹெராக்ளீஸின் பிற்கால வரலாறு முழுவதையும் நடத்தியது.

உரோமில் அவன் வழிபாடு டைபர் ஆற்றங்கரை மாட்டுச் சந்தையில் வேரூன்றியது. அருஞ்செயல்களில் ஒன்றாகக் கவர்ந்த கெரியோனின் மாடுகளை அவன் அவ்வழியே ஓட்டிவந்தபோது காக்கஸ் என்னும் அரக்கன் சிலவற்றைத் திருடி, குளம்படி எதிர்த்திசை காட்டும்படி வாலைப் பிடித்துக் குகைக்குள் இழுத்துப்போனானாம். அவனைக் கொன்ற இடத்தருகே பெரும் பலிபீடம் எழுந்தது. வணிகர்கள் இலாபத்தில் பத்தில் ஒரு பங்கை ஹெர்குலிஸுக்குச் செலுத்தினர். இரு குடும்பங்கள் நடத்திவந்த அந்தப் பூசையைக் கி.மு. 312இல் அரசு ஏற்றுக்கொண்டது. அச்சந்தைப் பகுதியில் இன்றும் நிற்கும் ஹெர்குலிஸின் வட்டக் கோயில், உரோமில் எஞ்சியுள்ள பளிங்குக் கட்டடங்களில் மிகப் பழையது. நெடுங்காலம் அதை வெஸ்டா கோயில் என்று தவறாகச் சொல்லிவந்தார்கள். பேரரசன் கொம்மோடஸ் சிங்கத்தோலும் தண்டும் தரித்துத் தன்னையே ஹெர்குலிஸ் என்று அறிவித்துக்கொண்டான், கி.பி. 192ஆம் ஆண்டின் கடைசி நாளில் கொல்லப்பட்டான். எல்லைப்புறத்து வழிபாடு இதைவிட எளிமையானது. ரைன் பகுதிக் கல்குவாரிகளில் வேலைசெய்த படைவீரர்கள் 'பாறை ஹெர்குலிஸ்' பெயரில் பலிபீடங்கள் நேர்ந்துவைத்தார்கள்.

கெல்ட்டியர் நாட்டில் அவனுக்கு நேர்ந்த மாற்றம்தான் எல்லாவற்றிலும் வியப்பானது. கி.பி. 2ஆம் நூற்றாண்டு எழுத்தாளர் லூசியன் கால் (Gaul) நாட்டில் ஓர் ஓவியத்தைக் கண்டதாக எழுதியிருக்கிறார். அதில் சிங்கத்தோல், தண்டு, வில் எல்லாம் உண்டு. ஆனால் உருவம் கிழவனுடையது: வழுக்கைத் தலை, வெயிலில் கறுத்துச் சுருங்கிய தோல். அவன் நாவிலிருந்து பொன்னும் அம்பரும் கொண்ட மெல்லிய சங்கிலிகள் ஒரு பெருங்கூட்டத்தின் காதுகளுக்குச் செல்கின்றன. கூட்டம் திமிறவில்லை, மகிழ்ச்சியோடு பின்தொடர்கிறது. அருகிலிருந்த கெல்ட்டியர் ஒருவர் விளக்கம் தருகிறார்: எங்கள் நாட்டில் இவன் பெயர் ஓக்மியோஸ், இவன் வென்றதெல்லாம் சொல்லால்தான், சொல்வன்மை முதிர்வது முதுமையில்தான். லூசியன் தம் முதுமையில் மேடையேறும்போது முன்னுரையாகச் சொன்னது இது. எனவே ஓவியம் அப்படியே இருந்ததா என்ற ஐயம் நியாயமானது. ஓக்மியோஸ் என்ற கடவுள் மட்டும் கற்பனையில்லை: ஆஸ்திரியாவின் பிரெகென்ஸில் கிடைத்த ஈயச் சாபத் தகடுகள் அவன் பெயரைச் சொல்கின்றன. ஐரிஷ் மரபில் ஓகம் எழுத்தைப் படைத்தவனாகச் சொல்லப்படும் ஓக்மாவும் இவனும் ஒருவரே என்பாருண்டு. மொழியியலாளர் எல்லாரும் அதை ஏற்பதில்லை.

கிழக்கே அவனைக் கொண்டுவந்தது அலெக்சாண்டரின் படை. மாசிடோனிய அரசகுலம் ஹெராக்ளீஸின் வழிவந்ததாகச் சொல்லிக்கொண்டது. அலெக்சாண்டரின் வெள்ளி நாணயங்களில் சிங்கத்தோல் போர்த்திய அவன் தலை உண்டு. பிற்காலக் காந்தாரச் சிற்பங்களில் புத்தரின் மெய்க்காவலனான வஜ்ரபாணி சில இடங்களில் அதே தோற்றம் கொண்டு நிற்கிறான்.

தமிழருக்கு ஆர்வமூட்டும் குறிப்பு, அலெக்சாண்டருக்குப் பின் இந்தியா வந்த கிரேக்கத் தூதர் மெகஸ்தனீஸிடமிருந்து வருகிறது. சூரசேன நாட்டு மக்களும் மெத்தோரா நகரும் இந்திய ஹெராக்ளீஸைப் போற்றியதாகவும், அவன் கடலில் முத்தைக் கண்டெடுத்து மகள் பண்டையாவுக்கு அணிவித்ததாகவும், அவளுக்கு ஒரு நாட்டையும் 500 யானைகளையும் தந்ததாகவும் அவர் எழுதியதைப் பிற்கால எழுத்தாளர் அரியன் எடுத்துரைக்கிறார். மெத்தோரா மதுரா என்பதால் இந்த ஹெராக்ளீஸ் கண்ணனே என்று பலரும், சிவன் என்று சிலரும் கருதுவர். பண்டையா என்ற பெயரும் முத்தும் பாண்டிய நாட்டை நினைவூட்டுவது உண்மைதான். ஆனால் மெகஸ்தனீஸின் நூல் முழுதாகக் கிடைக்கவில்லை. பிறர் எடுத்தாண்ட பகுதிகளே எஞ்சின. கடல்முத்தால் பேர்பெற்ற பாண்டிய நாட்டின் பெயர் அக்காலத்திலேயே வடக்கே எட்டியிருந்தது என்ற அளவுக்கு இக்குறிப்பைச் சான்றாகக் கொள்ளலாம். பாண்டியர் குலமுதல்வியின் வரலாறாகக் கொள்ள இடமில்லை.