யப்பானிய ஊமைப் படமும் குடும்ப நகைச்சுவையும்

ஊமைப் படக் காலத்து நகைச்சுவை என்றதும் சார்ளி சப்ளினே நம் நினைவிற்கு வருவார். வழுக்கி விழுதலும் துரத்தி ஓடுதலுமே அக்காலச் சிரிப்பு என்னும் எண்ணமும் நம்மிடை வேரூன்றிவிட்டது. இதனை மறுப்பதற்கு, யசுஜிரோ ஒசு 1932இல் வெளியிட்ட 'பிறந்தேன், ஆனால்...' என்னும் படம் ஒன்றே போதுமானது.

யப்பானில் 1931இலேயே பேசும்படம் வெற்றி கண்டுவிட்டது. எனினும் ஊமைப் படங்கள் மேலும் சில ஆண்டுகள் நிலைத்தன. திரையருகே நின்று கதையை விளக்கியும் பாத்திரங்களுக்காகப் பேசியும் வந்த 'பென்ஷி'களுக்கு மக்களிடையே இருந்த செல்வாக்கு இதற்கொரு காரணமாகும். ஒசுவும் 1936 வரை பேசும்படத்தை நாடவில்லை. அவர் பணியாற்றிய ஷொச்சிக்கு நிறுவனம், சிறு சம்பளக்காரரின் இல்வாழ்வைப் பொருளாகக் கொண்ட படங்களைப் பெரிதும் ஊக்குவித்தது. பொருளாதார மந்தம் உத்தியோகத்தரை அச்சுறுத்திய காலம் அது.

தோக்கியோவின் புறநகரில், முதலாளியின் இல்லத்திற்கு அண்மையிற் குடியேறுகிறார் ஓர் எழுதுவினைஞர். அவருடைய மைந்தர் இருவரும் அயற் சிறுவரை அடக்கித் தலைவராகின்றனர். முதலாளியின் மகனும் அவர்களுக்குப் பணிகிறான். ஒருநாள் முதலாளி தாம் பிடித்த படங்களைத் தம் வீட்டிலே காட்டுகிறார். திரையிலே தந்தை முகத்தைக் கோணிக் கோமாளியாகிறார். யாவரும் நகைக்கின்றனர், மைந்தரின் முகங்கள் மட்டும் வாடுகின்றன. முதலாளியின் சம்பளத்தாலேயே நீங்கள் உண்கிறீர்கள் என்கிறார் தந்தை. அப்படியாயின் இனி உண்ணோம் என உண்ணாநோன்பு தொடங்குகின்றனர் பிள்ளைகள்!

உத்தியோகம் தேடப்போகும் நம் போன்றோர்க்கு இக்காட்சியிற் சிரிப்பது எளிதன்று. தந்தையைக் கோழையென ஒசு இகழவில்லை. பிள்ளைகளின் கோபத்தைப் பிழையென்று சொல்லவுமில்லை. உறங்கும் மைந்தரைப் பார்த்து, இவர்களும் தம்மைப்போல் ஆகிவிடக்கூடாதே எனத் தந்தை கலங்கும் இடமே படத்தின் உயிர்நிலை என்பது என் துணிபு.

இப்பொருளையே தழுவி 1959இல் ஒசு 'ஒஹாயோ' என்னும் பேசும்படத்தை எடுத்தார். ஊமைப் படத்திலே உண்ண மறுத்த சிறுவர், பேசும்படத்திலே பேச மறுக்கின்றனர்!

முந்திய படத்தில் உண்ணாநோன்பு மறுநாட் காலை வரையே நீடிக்கிறது. தந்தையின் அருகமர்ந்து சோற்றுருண்டைகளை உண்கின்றனர் பிள்ளைகள். பின்னர் வழியிலே முதலாளியின் மோட்டாரைக் கண்டு தந்தை தயங்கி நிற்கிறார். போய் வணக்கம் சொல்லுமாறு அவரைத் தூண்டுபவர்கள் அப்பிள்ளைகளே.