மெம்பிஸ் நகரம் பிடிக்க மறுத்த சந்தா

1968 பிப்ரவரி 1. அமெரிக்காவின் தெற்கே, மிசிசிப்பி ஆற்றங்கரை நகரமான மெம்பிஸில் நல்ல மழை. எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரண்டு குப்பைத் தொழிலாளர்கள் லாரியின் பின்பக்கத் தொட்டிக்குள் ஒண்டினார்கள். கறுப்புத் தொழிலாளி மழைக்காக வெள்ளைக்காரர் வீட்டு வாசலில் ஒதுங்கினால் புகார் போய்விடும். திடீரென்று குப்பையை நசுக்கும் இயந்திரம் தானாக ஓடத் தொடங்கியது. இருவரையும் வெளியே இழுக்க நேரமில்லை.

குடும்பங்களுக்கு நகர நிர்வாகம் கொடுத்தது ஒரு மாதச் சம்பளமும் ஈமச் செலவுக்கு 500 டாலரும். மணிக்கணக்குக் கூலிகள் என்பதால் விபத்து இழப்பீடு கிடையாது.

அந்த வேலை எப்படி நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். வீட்டுக்காரர்கள் குப்பையைத் தெருவுக்குக் கொண்டுவர மாட்டார்கள். தொழிலாளிதான் ஒவ்வொரு வீட்டுக் கொல்லைக்கும் போய், பெரிய தொட்டியில் அள்ளித் தோளிலோ தலையிலோ சுமந்து லாரிக்குக் கொண்டுவர வேண்டும். தொட்டிகள் ஓட்டை, அழுகல் நீர் கழுத்து வழியாக வழியும், புழு சட்டைக்குள் விழும். சீருடை இல்லை, குளிக்க இடம் இல்லை. பேரப்பிள்ளை எடுத்தவரையும் வெள்ளை மேற்பார்வையாளர் ‘பையா’ என்றே கூப்பிடுவார். கூலி பெரும்பாலோருக்கு மணிக்கு 2 டாலருக்கும் கீழே. முழுநேரம் உழைத்தும், அரசின் வறியோர் உதவிக்குத் தகுதி பெறும் அளவுக்குத்தான் பலருடைய வருமானம் இருந்தது. கோலும் வாக்கரும் இறப்பதற்குச் சற்று முன்புதான், மழையைக் காரணம் காட்டிக் கறுப்புச் சாக்கடைத் தொழிலாளர்களை நிர்வாகம் வீட்டுக்கு அனுப்பியது. அவர்களுக்குக் கூலி வெட்டு. வெள்ளை மேற்பார்வையாளர்களுக்கு முழுச் சம்பளம்.

சங்கம் அமைக்கும் முயற்சி புதிதல்ல. 1963-இல் டி. ஓ. ஜோன்ஸ் என்ற தொழிலாளி ஆள் திரட்டியபோது 33 பேருக்கு வேலை போனது. அடுத்த ஆண்டு பதிவான சங்கக் கிளைக்கு 1733 என்று எண் வைத்தார்கள். கடைசி இரண்டு இலக்கங்கள் அந்த 33 பேரின் நினைவாக.

பிப்ரவரி 12 அன்று சுமார் 1,300 பேர் வேலைக்கு வரவில்லை. மேயர் ஹென்றி லோப் அசையவில்லை. அவருடைய குடும்பத் தொழில் சலவை நிலையங்கள். அவரே முன்பு பொதுப்பணித் துறையின் ஆணையராக இருந்தவர். அழுக்கு வேலை எதுவென்று தெரியாத மனிதர் அல்ல. கூலியைக் கொஞ்சம் கூட்டுவது பற்றிப் பேசத் தயாராக இருந்தவர், இரண்டு கோரிக்கைகளை மட்டும் தொடவே மறுத்தார். ஒன்று, சங்கத்தை அங்கீகரிப்பது. மற்றொன்று, சங்கச் சந்தாவைச் சம்பளத்தில் பிடித்துக் கொடுப்பது.

வெளியிலிருந்து பார்த்தால் இரண்டாவது கோரிக்கை அற்பமாகத் தெரியும். ஆனால் சங்கத்தின் உயிரே அதில்தான் இருந்தது. கையால் வசூலித்த காலத்தில் சந்தா கட்டியவர் வெகு சிலர். சம்பளப் பட்டியலில் சந்தா ஏறிவிட்டால் சங்கம் நிலைத்துவிடும். தன்னிடம் கூலி வாங்குபவர்கள் எதிரே உட்கார்ந்து பேரம் பேசும் உரிமை உள்ளவர்கள் என்பதை நகரம் மாதாமாதம் தன் கணக்கிலேயே ஒப்புக்கொள்ள வேண்டிவரும். லோபுக்கு அது புரிந்திருந்தது.

பிப்ரவரி 23 அன்று நகர மன்றம் கைவிரித்தது. ஊர்வலமாகப் போனவர்கள் முகத்தில் போலீஸ் கண்ணெரிச்சல் மருந்தை அடித்தது. அதற்குப் பின்தான் பாதிரியார்கள் திரண்டார்கள், கறுப்பு மக்கள் நகர மையக் கடைகளைப் புறக்கணித்தார்கள், ‘நான் மனிதன்’ என்ற அட்டைகள் தெருவுக்கு வந்தன.

அடுத்து நடந்தது உலகம் அறிந்த கதை. மார்ட்டின் லூதர் கிங் வந்தார். மார்ச் 28 ஊர்வலம் கலவரமாகி, 16 வயதுச் சிறுவன் ஒருவன் போலீஸ் குண்டுக்குப் பலியானான். ஏப்ரல் 4 அன்று லோரேன் விடுதியில் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். வரலாற்று நூல்கள் பலவற்றில் மெம்பிஸ் என்றால் அந்தக் கொலைதான். அவர் எதற்காக அந்த ஊருக்கு வந்தார் என்பது ஒற்றை வரியில் முடிந்துவிடுகிறது.

ஏப்ரல் 16 அன்று நகரமும் சங்கமும் செய்துகொண்ட உடன்பாடு அப்படி ஒதுக்கத் தக்கதல்ல. சங்கத்துக்கு அங்கீகாரம் கிடைத்தது. மே மாதத்தில் மணிக்கு 10 சென்ட், செப்டம்பரில் 5 சென்ட் உயர்வு. முதல் உயர்வுக்குப் பணம் இல்லை என்று நிர்வாகம் சொன்னபோது, ஏப் பிளவ் என்ற உள்ளூர்த் தொழிலதிபர் பெயரை வெளியிடாமல் பணம் கொடுத்தார். சந்தா விஷயத்தில் ஒரு வேடிக்கையான ஏற்பாடு: நகரம் நேரடியாகப் பிடிக்காது, தொழிலாளர் கடன் சங்கத்தின் வழியாகப் போகும். மேயருக்கு முகம் காக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆனாலும் ஒரு ஓட்டை இருந்தது. அந்தத் தொழிலாளர்கள் நகர ஓய்வூதியத் திட்டத்துக்குள் வராமல், மத்திய அரசின் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். முதுமையில் அந்தத் தொகை போதவில்லை. 1968-இல் வேலைநிறுத்தம் செய்தவர்களில் 80 வயதைக் கடந்தும் குப்பை லாரி ஓட்டியவர் உண்டு. 2011-இல் அவர்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்துக் கௌரவித்தார்கள். உயிரோடு மிஞ்சியிருந்தவர்களுக்குத் தலைக்கு 50,000 டாலர் என்று மெம்பிஸ் நகரம் அறிவித்தது 2017-இல்தான்.