காட்டைக் காக்க வந்த டாக்டர்

காடுகளைக் காக்கும் கொள்கை வகுக்கிற வேலைக்குப் போக என்ன படிக்க வேண்டும்? வகுப்பில் நண்பன் கேட்டான். எனக்கு உடனே நினைவுக்கு வந்தவர் ஹியூ கிளெக்ஹார்ன். அவர் படித்தது மருத்துவம்!

1820-ல் சென்னையில் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர் இவர். எடின்பரோவில் மருத்துவம் படித்துவிட்டு 1842-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் டாக்டராக சென்னைக்கே திரும்பி வந்தார். அக்காலத்தில் மருந்தென்றால் பெரும்பாலும் மூலிகைதானே. அதனால் டாக்டர்கள் தாவரவியலும் படித்தார்கள். மைசூர்ப் பகுதியில் பணியாற்றியபோது செடிகளைத் தேடிப் போனவரின் கண்ணில் பட்டது, காடு அழிகிற வேகம். வெப்பமண்டலக் காடுகள் அழிவதால் வரும் விளைவுகள் பற்றி 1851-ல் பிரிட்டிஷ் அறிவியல் சங்கத்துக்கு ஓர் அறிக்கை தந்தார். மரம் போவதோடு நிற்காது, மழையும் நீரூற்றும் பாதிக்கப்படும் என்ற கவலை அன்றே பேசப்பட்டது.

1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓடியது. தண்டவாளத்துக்கு அடியில் போட மரக்கட்டை, எஞ்சினுக்கு விறகு, எல்லாம் காட்டிலிருந்துதான். அதே ஆண்டில் சென்னை மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலர் ஆனார் கிளெக்ஹார்ன். மலை மலையாகச் சுற்றினார். அந்த அனுபவத்தை 1861-ல் புத்தகமாகவும் வெளியிட்டார்.

இதுவரை கேட்டால் பெரிய ஹீரோ போலத் தெரிகிறார் இல்லையா? கதையின் மறுபக்கமும் இருக்கிறது.

மலைவாழ் மக்கள் காட்டில் ஒரு துண்டை வெட்டி எரித்து விதைப்பார்கள். சில வருடம் கழித்து அதை விட்டுவிட்டு வேறிடம் போவார்கள். இதற்குக் 'குமரி' சாகுபடி என்று பெயர். காட்டுக்கு இது பெரிய எதிரி என்று நினைத்தார் கிளெக்ஹார்ன். 1860-ல் அரசுக் காடுகளில் இதற்குத் தடை வந்தது. ரயிலுக்கு மட்டும் மரம் தொடர்ந்து போய்க்கொண்டிருந்தது! 1882-ல் சென்னை வனச் சட்டம் வந்து, காட்டில் வாழ்ந்தவர்களின் கையை இன்னும் இறுக்கியது.

காட்டில் வாழ்வோருக்கு வரலாற்று அநீதி நடந்தது என்று நம் நாடாளுமன்றம் சட்டத்திலேயே ஒப்புக்கொள்ள 2006 வரை ஆனது. அதுதான் வன உரிமைச் சட்டம்.

கிளெக்ஹார்ன் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. காடு அழிவதைக் கண்டு அவர் கவலைப்பட்டது உண்மை. ஆனால் மரத்தை எண்ணத் தெரிந்த அவருடைய கொள்கையில், அங்கே வாழ்ந்த மனிதர்களுக்கு இடமில்லை.

அதனால் நண்பனுக்கு என் பதில் இதுதான்: தாவரவியல் படி, சட்டமும் படி. மலையில் இருப்பவர்களிடமும் போய்க் கேள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?