தடுப்பு பெப்டைடு: ஒரு சோதனையின் வரலாறு

ஓர் எதிர்ப்பொருள் எந்தப் புரதத்துக்காக உருவாக்கப்பட்டதோ, அந்தப் புரதத்தின் சிறு துண்டைச் செயற்கையாகச் செய்து, எதிர்ப்பொருளோடு முன்கூட்டியே கலந்துவைப்பது ஆய்வகங்களின் நெடுநாள் வழக்கம். அந்தத் துண்டுக்குத் தடுப்பு பெப்டைடு என்று பெயர். எதிர்ப்பொருளின் பற்றுமிடங்கள் துண்டால் நிரம்பிவிடுவதால், மாதிரியில் அது பற்ற வேண்டிய புரதத்தைப் பற்றாது. அந்தப் புரதம் இருக்குமிடத்தைக் காட்டும் பட்டை மறைந்துவிடும்.

இதன் வேர் கார்ல் லாண்ட்ஸ்டைனரின் ஆய்வுகளில் இருக்கிறது. இரத்த வகைகளைக் கண்டறிந்ததற்காக 1930இல் நோபல் பரிசு பெற்ற அவர், முதலில் வியன்னாவிலும் பிறகு நியூயார்க்கின் ராக்பெல்லர் நிலையத்திலும் எதிர்ப்பொருள் தன் இலக்கை எப்படி இனங்காண்கிறது என்பதை நீண்டகாலம் ஆராய்ந்தார். சிறிய வேதிப்பொருள்களைப் புரதத்தோடு பிணைத்து முயல்களுக்குச் செலுத்தினார். கிடைத்த சீரம் அந்தப் பிணைப்புப் புரதத்தை வீழ்படிவாக்கியது. அதே வேதிப்பொருளைத் தனியாக முன்னரே சேர்த்தபோது வீழ்படிவு தடைப்பட்டது. பின்னாளைய தடுப்பு பெப்டைடின் தத்துவம் முழுவதும் இதில் அடங்கியிருந்தது.

புரதத் துண்டுகளை விரும்பியபடி எளிதாகச் செய்யும் வழிதான் அப்போது இல்லை. அதே ராக்பெல்லர் நிலையத்தில் புரூஸ் மெரிஃபீல்டு 1963இல் அதைத் தந்தார். பிசின் மணிகளில் முதல் அமினோ அமிலத்தை நிலைநிறுத்தி, மற்றவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தார். ஒவ்வொரு படிக்குப் பின்னும் மணிகளைக் கழுவினாலே போதும் என்பதால் வேலை பெரிதும் சுருங்கியது. 1984இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

1979இல் புரதங்களை ஜெல்லிலிருந்து மெல்லிய படலத்துக்கு மாற்றி எதிர்ப்பொருளால் தேடும் முறை வெளியானது. 1981இல் அதற்கு வெஸ்டர்ன் பிளாட் என்ற பெயர் வந்தது. இடையில், 1980இல், மரபணு வரிசையை மட்டும் படித்து, அதிலிருந்து ஊகித்த பெப்டைடைச் செய்து எதிர்ப்பொருள் உண்டாக்கலாம் என்று ஜே. கிரிகோர் சட்கிளிஃப், ரிச்சர்டு லெர்னர் குழுவும், கெர்னாட் வால்டர், ரஸ்ஸல் டூலிட்டில் குழுவும் காட்டின. பிரித்தெடுக்கப்படாத புரதத்தையும் இனித் தேடலாம் என்றானது. பெப்டைடு தானாக நோயெதிர்ப்பைத் தூண்டாத அளவுக்குச் சிறியது. அதனால் கடல்நத்தையொன்றின் ஹீமோசயனின் போன்ற பெரிய புரதத்தோடு பிணைத்து முயலுக்குச் செலுத்தினர். செய்த பெப்டைடு கையிருப்பில் இருந்ததால், அதுவே தடுப்புச் சோதனைக்கும் பயன்பட்டது.

இந்த வழக்கம் கடுமையான சோதனைக்கு உள்ளான ஓர் இடம் மைட்டோகாண்ட்ரியாவின் கடத்திப் புரதங்கள். அவற்றுள் ஒன்றான ADP/ATP பரிமாற்றக் கடத்தியின் அமினோ அமில வரிசையை மார்ட்டின் கிளிங்கன்பெர்க் குழு 1982இல் வெளியிட்டது. ஏறக்குறைய நூறு அமினோ அமிலம் கொண்ட பகுதி மும்முறை திரும்பி வரும் அமைப்பு அது. இந்தக் குடும்பம் முழுவதற்கும் அதுவே அடையாளம். மனிதரில் ஐம்பதுக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் உண்டு. பெரும்பாலானவை ஏறத்தாழ 30 கிலோடால்டன் எடையுள்ளவை என்பதால் பட்டைகள் அருகருகே விழும். இக்குடும்பத்தைச் சேர்ந்த, 1997இல் கண்டறியப்பட்ட யூசிபி2, பழுப்புக் கொழுப்பில் வெப்பம் தரும் யூசிபி1ஐ 59 விழுக்காடு ஒத்தது. யூசிபி3 அதைவிட நெருக்கமாக யூசிபி2ஐ ஒத்தது. திசுக்களில் யூசிபி2இன் அளவும் மிகச் சொற்பம்.

இங்கேதான் சோதனையின் எல்லை புலப்படுகிறது. எதிர்ப்பொருள் தவறான புரதத்தைப் பற்றினாலும், அதே பற்றுமிடத்தால் பற்றியிருந்தால், பெப்டைடு அந்தப் பட்டையையும் மறைத்துவிடும். பட்டை மறைவது, எதிர்ப்பொருள் அந்தப் பெப்டைடைப் பற்றுகிறது என்பதற்கு மட்டுமே சான்று. யூசிபி2 மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகளை ஒப்பாக வைத்துப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2001இல் தேடியபோது, மண்ணீரல், நுரையீரல், இரைப்பை, வெள்ளைக் கொழுப்பு ஆகியவற்றில் புரதம் கிடைத்தது. இதயத்திலும் எலும்புத்தசையிலும் கிடைக்கவில்லை. அந்த மரபணுவே இல்லாத விலங்கிலும் பட்டை தெரிந்தால், எந்தப் பெப்டைடும் அந்த எதிர்ப்பொருளைக் காப்பாற்ற முடியாது. ஒப்புச் சோதனைகளில் மரபணு நீக்கத்துக்கு இணையான நேர்மையை வேறொன்றில் காண்பது அரிது.

கிளிஃபர்டு சேப்பர், பால் சாச்சென்கோ இருவரும் 2003இல் நரம்பியல் இதழொன்றில் 'மந்திர' பெப்டைடுகளைப் பற்றித் தலையங்கம் எழுதி இதே குறையை எச்சரித்தனர். 2016இல் மத்தியாஸ் உலேன் தலைமையில் ஒரு பன்னாட்டுக் குழு எதிர்ப்பொருளைச் சரிபார்க்க ஐந்து வழிகளைப் பரிந்துரைத்தது. மரபணுவை நீக்கியோ அடக்கியோ பார்ப்பது அவற்றில் முதலாவது. தடுப்பு பெப்டைடு அந்த ஐந்தில் இடம்பெறவில்லை. எதிர்ப்பொருள் விற்கும் நிறுவனங்கள் அதை இன்றும் துணைப்பொருளாகத் தருகின்றன. பெப்டைடால் மறையாத பட்டைகளைக் குறிப்பற்றவை என்று ஒதுக்க அது இன்றும் உதவுகிறது.