விழுந்தவரைத் தாங்கிய ஊர்

மாற்கு நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில் ஒரு தந்தை தம் மகனை இயேசுவிடம் அழைத்து வருகிறார். சிறுவன் தரையில் விழுகிறான், வாயில் நுரை தள்ளுகிறது, பல்லைக் கடிக்கிறான், உடல் விறைத்துப்போகிறது. இன்றைய மருத்துவர் இவ்வடையாளங்களைக் கேட்டால் வலிப்பு நோயையே முதலில் நினைப்பார். நாம் பெரும்பாலும் கவனியாமல் கடந்துபோகும் ஒரு கேள்வி அந்நிகழ்ச்சியில் உண்டு. குணமாக்குவதற்கு முன் இயேசு, இது இவனுக்கு எவ்வளவு காலமாக இருக்கிறது என்று தந்தையிடம் கேட்கிறார். குழந்தைப் பருவம் முதல் என்கிறார் தந்தை. நெருப்பிலும் நீரிலும் விழுந்த மகனை ஆண்டுக்கணக்கில் தூக்கி எடுத்தவர் அவர். சுற்றிலும் பெருங்கூட்டம் நிற்கிறது. மறைநூல் அறிஞர் வாதாடுகின்றனர். சீடர்கள் திகைத்து நிற்கின்றனர். அத்தனை பேர் நடுவிலும் அந்தத் தந்தையின் கதையைக் கேட்டவர் ஒருவரே.

வலிப்பு நோயின் வரலாற்றை இருவிதமாக எழுதலாம். ஒன்று மருந்தின் வரலாறு. மற்றொன்று அந்தக் கூட்டத்தின் வரலாறு. அதாவது, விழுந்தவரைச் சுற்றி நின்ற சமுதாயம் அவரை என்ன செய்தது என்னும் வரலாறு. இந்த இரண்டாம் வரலாற்றில் ஓர் ஊருக்குத் தனியிடம் உண்டு. ஜெர்மனியில், வெஸ்ட்பாலியாப் பகுதியில், பீலபெல்ட் நகரில் உள்ள பெத்தேல் என்பதே அவ்வூர்.

அச்சத்தின் காலம்

கி.மு. 400 அளவிலேயே, ஹிப்போகிரேட்டஸ் பெயரால் வழங்கும் கிரேக்க நூல் ஒன்று, இந்நோய் தெய்வச் சினத்தால் வருவதன்று, மூளையில் தோன்றும் நோயே என்று துணிந்து கூறியது. அந்தக் குரலை உலகம் ஈராயிரம் ஆண்டுகள் கேளாதிருந்தது. பேய் என்றனர், சாபம் என்றனர், நிலவின் பீடை என்றனர். ஐரோப்பிய மக்கள் புனித வாலண்டைனின் பரிந்துரையை நாடினர். ஜெர்மன் மொழியில் விழுதலைக் குறிக்கும் சொல்லும் அப்புனிதரின் பெயரும் ஒலியில் நெருங்கியிருந்ததும் அதற்கொரு காரணம். அல்சாஸ் நாட்டில் ரூபாக் என்னுமிடத்தில் அவருடைய திருத்தலத்தை நாடி வலிப்பு நோயாளர் திரண்டனர். பதினைந்தாம் நூற்றாண்டில் அங்கு அவர்களுக்கென ஒரு மருத்துவ இல்லமும் எழுந்தது. நோயின் காரணம் அறியாத காலத்திலும், நோயாளிக்குப் படுக்கையும் உணவும் தரவேண்டும் என்பதை அந்த எளிய மக்கள் அறிந்திருந்தனர்.

நம் திருச்சபையின் ஏடுகளையும் நாம் நேர்மையுடன் புரட்டிப் பார்க்க வேண்டும். 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, 984ஆம் விதியில், வலிப்பு நோயாளரை மனநிலை பிறழ்ந்தோருடனும் பேய் பிடித்தோருடனும் ஒரே வரிசையில் வைத்துக் குருத்துவத்திற்குத் தடை விதித்தது. 1983ஆம் ஆண்டின் புதிய தொகுப்பில் வலிப்பு என்னும் சொல்லே தடைகளுள் இல்லை. இவ்விரு தொகுப்புகளுக்கும் வெகுகாலம் முன்பே, அந்தத் தடையின் பொருத்தமின்மையைத் தம் வாழ்வால் காட்டியவர் ஒருவர் உண்டு. இளமையில் வலிப்பு நோயால் துன்புற்ற ஜொவான்னி மரியா மஸ்தாய் பெரெத்தி, சிறப்பு அனுமதி பெற்று 1819இல் குருவானார். திருப்பலி நிறைவேற்றும்போது வேறொரு குரு அருகில் நிற்கவேண்டும் என்பது அன்று விதிக்கப்பட்ட நிபந்தனை. பின்னர் அதுவும் நீக்கப்பட்டது. அவரே 1846 முதல் 1878 வரை, முப்பத்தோர் ஆண்டுகளுக்கும் மேலாகத் திருச்சபையை வழிநடத்திய திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர். 2000ஆம் ஆண்டில் அருளாளராக உயர்த்தப்பெற்றவர். பீடத்தருகே ஒருவர் துணை நின்றால் போதும், ஒரு வாழ்வு மலர வழியுண்டு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

கடவுளின் வீடு

1867ஆம் ஆண்டில், பீலபெல்ட் அருகே ஒரு பண்ணை வீட்டில், வலிப்பு நோயுற்ற சிறுவர் சிலருக்காக ஓர் இல்லம் தொடங்கப்பெற்றது. தொடங்கியவர்கள் புராட்டஸ்டாண்டு சபையைச் சேர்ந்த நல்லோர். 1872இல் அதன் பொறுப்பை ஏற்றவர் போதகர் பிரீட்ரிக் வான் போடெல்ஷ்விங். 1869ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், கக்குவான் நோய்க்குத் தம் நான்கு குழந்தைகளையும் பறிகொடுத்தவர் அவர். நான்கு குழந்தைகளைப் புதைத்த கைகள், மற்றவர் கைவிட்ட குழந்தைகளை ஏந்தப் புறப்பட்டன. யாக்கோபு கல்லின்மேல் தலைவைத்து உறங்கிக் கனவு கண்ட இடத்தின் பெயரான பெத்தேல், அதாவது கடவுளின் வீடு, அந்நிறுவனத்தின் பெயராயிற்று.

பெத்தேல் ஒரு மருத்துவமனையாக மட்டும் நிற்கவில்லை. ஓர் ஊராகவே வளர்ந்தது. தனித்தனி வீடுகள், பள்ளி, தச்சுப் பட்டறை, அச்சகம், தோட்டம், பண்ணை, குன்றின்மேல் ஆலயம் என அது விரிந்தது. அங்கு வந்தவர்களுள் பலர் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டவர்கள். தொழிற்கூடங்களில் வேலை மறுக்கப்பட்டவர்கள். பிச்சைக்குப் பதில் வேலை என்பது போடெல்ஷ்விங்கின் கொள்கை. எந்நேரம் விழுவான் என்று அஞ்சி எவரும் கருவியைக் கையில் கொடாத இளைஞனுக்கு, அவனால் இயன்ற வேலையைத் தேடிக் கொடுத்தார். நாட்டின் நாற்றிசையிலிருந்தும் பழைய அஞ்சல் தலைகள் பெத்தேலுக்கு வந்து குவிந்தன. அவற்றைப் பிரித்து அடுக்குவது, கடினமான வேலைக்கு இயலாதவர்களின் பணியாயிற்று. பழந்துணிகளும் பழம்பொருள்களும் திரட்டப்பட்டன. அப்பம் பலுகிய பின், எஞ்சிய துண்டுகள் வீணாகாதபடி சேர்த்து வைக்கச் சொன்ன ஆண்டவரின் கட்டளையே அத்திரட்டுப் பணிக்குப் பெயர் தந்தது. அங்கு சேர்க்கப்பட்டவை துணிகள் மட்டுமல்ல என்பதை வாசகர் உணர்வர்.

1910இல் போடெல்ஷ்விங் மறைந்தபோது, பெத்தேலில் ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்தனர். இங்கிலாந்தின் சால்பான்ட் குடியிருப்பும் அமெரிக்காவில் எழுந்த குடியிருப்புகளும் இம்முன்மாதிரியைக் கண்டு தோன்றியவையே.

ஒரு சொல், இரு பொருள்

ஆயினும் இவ்வரலாறு இங்கே இனிதாய் முடிந்துவிடவில்லை. கட்டாயக் கருத்தடையைத் திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் 1930ஆம் ஆண்டிலேயே தம் சுற்றுமடலில் கண்டித்திருந்தார். அதைப் பொருட்படுத்தாமல் ஹிட்லரின் அரசு 1933 ஜூலையில் ஒரு சட்டம் இயற்றியது. பரம்பரை நோயாளர் எனக் கருதப்பட்டோரைக் கட்டாயமாகக் கருத்தடை செய்ய அது வழிவகுத்தது. அதன் பட்டியலில் வலிப்பு நோயும் இருந்தது. பெத்தேலும் இக்கறைக்குத் தப்பவில்லை. அங்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு இக்கொடுமை நிகழ்ந்தது. அன்பால் எழுந்த இல்லமும், காலத்தின் நச்சுக்காற்றை உள்ளே விடக்கூடும் என்பது நாம் மறக்கலாகாத பாடம்.

1939இல் அதனினும் கொடிய திட்டம் தொடங்கியது. நோயாளர் இல்லங்கள் அனைத்திற்கும் படிவங்கள் அனுப்பப்பட்டன. நோயின் பெயர் என்ன, எவ்வளவு காலமாக, என்ன வேலை செய்யக்கூடியவர் என்று அவை கேட்டன. எவ்வளவு காலமாக என்று நற்செய்தியிலும் ஒரு கேள்வி உண்டு. அது தூக்கி நிறுத்துவதற்காகக் கேட்கப்பட்டது. இது கொல்வதற்காகக் கேட்கப்பட்டது. வேலை என்னும் சொல்லும் அவ்வாறே பொருள் மாறியது. பெத்தேலில் வேலை என்பது மனிதனுக்கு அளிக்கப்பட்ட மாண்பு. படிவத்திலோ அது உயிர் வாழ்வதற்குச் செலுத்தவேண்டிய விலை. அந்த விலையைக் கொடுக்க இயலாதவர்கள் நச்சுவாயுக் கூடங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 1941 ஆகஸ்டுக்குள் கொல்லப்பட்டோர் எழுபதாயிரத்துக்கும் மேல்.

அப்போது பெத்தேலின் தலைவராயிருந்தவர் முதல்வரின் மகன்; அவர் பெயரும் பிரீட்ரிக்கே. படிவங்களை நிரப்ப அவர் மறுத்தார். அவருடன் உழைத்த போதகர் பவுல் கெர்ஹார்ட் பிரவுன, 1940 ஜூலையில் இக்கொலைகளை எதிர்த்து அரசுக்கு விரிவான மனு அனுப்பி, அடுத்த மாதமே சிறைப்பட்டார். 1941 பிப்ரவரியில் அரசின் மருத்துவக் குழு பெத்தேலுக்கே வந்து படிவங்களை நிரப்பிச் சென்றது. பேச்சுவார்த்தைகளாலும் காலத் தாழ்வாலும் பெரும்பாலோர் காக்கப்பட்டனர். ஆனால் அங்கிருந்த யூத நோயாளர் 1940 செப்டம்பரிலேயே கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களைக் காக்க இயலவில்லை.

அதே வெஸ்ட்பாலியாவில், முன்ஸ்டர் மறைமாவட்டத்தின் கத்தோலிக்க ஆயர் கிளெமென்ஸ் அவுகுஸ்து வான் காலன், 1941 ஆகஸ்டு 3ஆம் நாள், புனித லம்பெர்ட் ஆலயத்தின் பிரசங்க மேடையில் ஏறினார். இது கொலை என்று வெளிப்படையாகச் சொன்னார். பயனற்றவர் என்று சொல்லி ஒருவரைக் கொல்லலாம் என்றால், நாம் முதுமையும் நோயும் அடையும் நாளில் நமக்கும் அதே தீர்ப்புத்தானே என்று மக்களை எண்ணச் செய்தார். அந்த மறையுரை கையெழுத்துப் படிகளாகவும் தட்டச்சுப் படிகளாகவும் நாடெங்கும் இரகசியமாய்ப் பரவியது. மூன்று வாரங்களில், ஆகஸ்டு 24ஆம் நாள், நச்சுவாயுக் கொலைகளை நிறுத்துமாறு ஹிட்லர் ஆணையிட்டார். கொலைகள் வேறு வழிகளில் மறைவாகத் தொடர்ந்தன என்பதும் உண்மையே. எனினும், கூட்டத்திலிருந்து ஒரு குரல் எழுந்தது. அந்தக் குரலைக் கொடுங்கோலரசும் கவனிக்க நேர்ந்தது. ஆயர் காலன் 2005இல் அருளாளராக உயர்த்தப்பெற்றார்.

மருந்து தந்தவரின் கதி

மருந்தின் வரலாற்றிலிருந்தும் ஒரு பக்கத்தை இங்குச் சேர்க்க வேண்டும். பீனோபார்பிட்டால் என்னும் மருந்து வலிப்பைக் கட்டுப்படுத்தும் என்று 1912இல் கண்டறிந்தவர், ஜெர்மனியில் பிரைபர்க் நகரில் பணியாற்றிய இளம் மருத்துவர் ஆல்பிரெட் ஹாப்ட்மன். இன்றுவரை ஏழை நாடுகளில் வலிப்பு நோயாளரைக் காத்துவரும் மலிவான மருந்து அது. அவர் யூதர். பின்னாளில் தம் பேராசிரியப் பதவியை இழந்தார்; 1938இல் தாகௌ முகாமில் அடைக்கப்பட்டார்; பின்னர் அமெரிக்காவுக்குப் புலம்பெயர்ந்து 1948இல் அங்கேயே மறைந்தார். மருந்தைக் கண்டறியும் அறிவு ஒரு நாட்டில் செழித்திருந்தும், மனிதனை மதிக்கும் அறிவு அங்கே அற்றுப்போகலாம் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

நம் வாசலில்

உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேர் வலிப்பு நோயுடன் வாழ்கின்றனர் என உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. தக்க சிகிச்சை கிடைத்தால் அவர்களுள் நூற்றுக்கு எழுபது பேர் வரை வலிப்பின்றி வாழக்கூடும். 1961இல் நோயாளரும் குடும்பத்தாரும் பொதுமக்களும் சேர்ந்து இயங்கும் பன்னாட்டு வலிப்பு நோய் அமைப்பு தோன்றியது. நம் நாட்டில் இந்திய வலிப்பு நோய்ச் சங்கம் 1970இல் அமைந்தது. ஆயினும் 1976ஆம் ஆண்டின் திருத்தத்தால், இந்து திருமணச் சட்டத்திலும் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் வலிப்பு நோய் மனநோயோடு சேர்த்துத் தடையாக எழுதப்பட்டது. அச்சொல்லை நீக்க 1999 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. சட்டத்தின் ஏட்டிலிருந்து அது மறைந்தது. பெண் பார்க்கும் வீட்டுத் திண்ணையிலிருந்து மறைந்ததா?

நம்மிடையே ஒருவர் வலிப்பு வந்து விழுந்தால் கூட்டம் கூடுகிறது. ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் திணிக்கிறார். ஒருவர் இரும்புத் துண்டைத் தேடுகிறார். ஒருவர் வாயில் தண்ணீர் ஊற்ற முனைகிறார். இரும்புக்கு வலிப்பை நிறுத்தும் ஆற்றல் இல்லை. செய்யவேண்டியவை எளியவை. அருகிலுள்ள கூரிய, கடினமான பொருள்களை அகற்றுக. தலையின்கீழ் துணியை மடித்து வைக்க. கழுத்து உடையைத் தளர்த்துக. கைகால்களை அழுத்திப் பிடிக்கவேண்டா. வாயில் எதையும் வைக்கவேண்டா. துடிப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்கவைத்து, நினைவு திரும்பும்வரை உடனிருக்க. ஐந்து நிமிடத்திற்கு மேல் வலிப்பு நீடித்தாலும், நினைவு திரும்புமுன் மீண்டும் வந்தாலும், தாமதியாமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்க. மருத்துவரைக் கேளாமல் மருந்தை நிறுத்துவது ஆபத்து.

இவற்றைக் கற்பிக்கப் பெரிய நிறுவனம் வேண்டியதில்லை. மறைக்கல்வி வகுப்பும் அன்பியக் கூட்டமும் பங்கு இளையோர் மன்றமும் போதும். பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்ட தாயிடம் ஒருவர் சென்று, எவ்வளவு காலமாக என்று கேட்டால் போதும். ஏனெனில் அக்கேள்வியைக் கேட்டவர் பதிலைக் கேட்கும்வரை அங்கே அமரவேண்டியிருக்கும்.

எல்லாரையும் கூட்டிச்சென்று வைக்க இனியொரு பெத்தேல் நமக்கு வேண்டா. அவரவர் ஊரே அவரவருக்குப் பெத்தேல் ஆகவேண்டும். சிறுவன் செத்தவன்போல் கிடந்தான் என்றும், பலர் அவன் இறந்துவிட்டான் என்றே பேசினர் என்றும் மாற்கு எழுதுகிறார். கூட்டம் அவ்வாறு தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்த வேளையில், இயேசு குனிந்து அவன் கையைப் பிடித்தார். அவன் எழுந்து நின்றான்.